நீரும் ஆறும்

தில்லியில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து மிகவும் பிடித்த பாடல். எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே அதனைத் தாயிடமிருந்து செவிவழியாகக் கற்றிருந்தாள். பாடலின் முதற்சொல்லான 'நீராரும்' என்பதை 'நீர், ஆறும்' என்றே அவள் கொண்டிருந்தாள். நீரும் ஆறும் கடலும் சூழ்ந்த நாட்டைப் போற்றும் பாடல் அது என்பது அவள் எண்ணம். கடலை அவள் கண்டதில்லை. ஆற்றை நன்கு அறிவாள். அவளுடைய பள்ளிப் பேருந்து நாள்தோறும் யமுனைப் பாலத்தைக் கடந்து செல்லும். ஆகவே, அச்சொல்லைப் பாடும்போதெல்லாம் அவள் மனத்தில் யமுனையே ஓடியது. தமிழ்ப் பாட்டில் தன் ஊருக்கும் ஓர் இடம் உண்டு என்று அவள் மகிழ்ந்தாள்.

பின்னர் அவள் தமிழ் படிக்கக் கற்றாள். எனினும் பிழை நீங்கவில்லை. கண் ரகரத்தைக் கண்டது. மனமோ பழகிய ஆற்றையே படித்தது.

ஏழாம் வகுப்பில் பயின்றபோது, தமிழ்ச் சங்க விழாவுக்காக அப்பாடலைப் பெரிய தாளில் எழுதினாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தாத்தா அதனைப் பார்த்தார். முதற்சொல்லில் றகரம் இருந்தது.

"இது எந்த ஆறு, அம்மா?" என்று வினவினார்.

"யமுனைதான், தாத்தா" என்றாள் அவள் தயங்காமல்.

தாத்தா நகைக்கவில்லை. அருகில் அமர்ந்து, 'ஆர்தல்' என்றால் நிறைதல் என்று பொருள் கூறினார். நீர் நிறைந்த கடலை ஆடையாக உடுத்திய பெண் இந்த நிலவுலகம், பாரதம் அவளது முகம், தென்னாடு நெற்றி, திராவிட நாடு அந்நெற்றியில் இட்ட திலகம், அத்திலகத்தின் மணம்போல் எத்திசையும் பரவுவது தமிழின் புகழ். அதுவரை தனித்தனியே நின்ற சொற்கள் யாவும் ஒரே ஓவியமாக அவளுக்குத் தோன்றின.

ஆயினும் அவள் முகம் வாடியது. "அப்படியானால் நம் ஊர் பாட்டில் இல்லையா, தாத்தா?"

"பாரதமே முகம் என்கிறார் புலவர். தில்லி அதற்குப் புறத்தேயா இருக்கிறது? இன்னொன்றும் கேள். இதனை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பேராசிரியராக விளங்கியவர். இரண்டும் இன்று கேரளத்தில் உள்ள ஊர்கள். 1891இல் வெளிவந்த அவரது 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலின் தொடக்கத்தில் உள்ளது இவ்வாழ்த்து. 1970இல் தமிழ்நாட்டு அரசு இதனைத் தன் விழாக்களில் பாடும் வாழ்த்தாக ஏற்றது."

அவள் புதிய தாள் ஒன்றை எடுத்தாள். இம்முறை ரகரத்தை நிறுத்தி எழுதினாள்.

மறுநாள் பேருந்து பாலத்தின்மீது சென்றபோது அப்பாடலை மெல்லப் பாடினாள். முதற்சொல்லில், தான் காணாத கடல் நினைவில் விரிந்தது. கீழே யமுனை ஓடிக்கொண்டிருந்தது.