விசேட கருத்து

ஆகஸ்ட் மாதம் 'ஃப்ரீயா' என்று கம்பஸ் நண்பர்கள் யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். மன்னார்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு ஆகஸ்ட்டில் ஃப்ரீ கிடையாது. 6ஆம் திகதி மடுவில் கொடியேறும், 15ஆம் திகதி திருவிழா. இடையில் இருக்கிற நாட்கள் எங்கட குடும்பத்துக்குச் சொந்தமில்லை, அம்மம்மாவுக்குச் சொந்தம்.

முந்தி ஒன்பது இரவும் மடுவில்தான். இப்ப ஆளாளுக்கு வேலை, லீவு கிடைக்காது என்பதால் இந்த முறை 9ஆம் திகதி போய் 15 முடிய வருவதென்று முடிவானது. அதுக்கே அம்மம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. சின்ன மாமா தன்ர பட்டாவைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பாட்ட, சாமான் ஏற்றம் தொடங்கியது. தறப்பாள் இரண்டு, பாய், காஸ் குக்கர், அது வேலை செய்யாட்டிக்கு விறகு, தண்ணிக் கான் ஆறு, அரிசி, பருப்பு, சம்பலுக்குத் தேங்காய் ஒரு சாக்கு, பெரியம்மாவின் பிரெஷர் குளிசை, அம்மம்மாவின் சீனி வருத்தக் குளிசை, சின்னம்மாவின் மூன்று பிள்ளைகள். மடுவில் இருக்கிற நாளில் எங்கட ஆக்கள் மச்சம் சாப்பிடுவதில்லை. கடற்கரை ஊர் ஆக்களுக்கு ஒரு கிழமை மீன் இல்லாமல் இருப்பதுதான் பெரிய தவம். எழுத வேண்டிய அசைன்மென்ட் ஒன்றும் என்ர பையில் வந்தது. ஒரு வரி எழுதவில்லை.

மடுவில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாத ஆக்களுக்குச் சொல்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பினால்தான் டொய்லெட் லைனில் முன்னுக்கு நிற்கலாம். அதுக்குள்ள ஆரோ ஒலிபெருக்கியில் செபமாலை தொடங்கிவிடுவார்கள். தண்ணி எடுக்க ஒரு லைன், பூசைக்கு இடம் பிடிக்க இன்னொரு ஓட்டம். தமிழ்ப் பூசை முடியச் சிங்களப் பூசை. ஒன்பது மணிக்குப் புழுதி கிளம்பிவிடும், காய்ந்த காடு. குரங்கு பாணை இறாத்தலோடு தூக்கிக்கொண்டு போகும். முதல்நாளே எங்கட பாண் போய்விட்டது. சின்னம்மாவின் கடைக்குட்டி குரங்குக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓட, அவனுக்குப் பின்னால் நான் ஓட, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து பக்கத்துத் தறப்பாள் ஆக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் வென்னப்புவப் பக்கம். வருசா வருசம் பஸ் பிடித்துக் குடும்பமாக வருகிற ஆக்கள். அன்றைக்குப் பின்னேரம் அந்த அன்ரி ஒரு தட்டு கொக்கிஸ் கொண்டுவந்து தந்தா. அம்மம்மா பதிலுக்குப் பனங்காய்ப் பணியாரம் குடுத்தா. எனக்குக் கம்பஸில் படித்த சிங்களம் கொஞ்சம் வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் நான்தான். 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று அன்ரி கேட்டா. நான் மொழிபெயர்க்க முதலே விளங்கி, அம்மம்மா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினா.

அங்கே நின்ற பிள்ளைகள் நாலு பேர். பெரியம்மா, அம்மா, சின்னம்மா, சின்ன மாமா. ஐந்தாவது மாமாவை 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் கடைசியாகக் கண்டது. கண்டது அம்மம்மாதான். எனக்கு அப்ப ஏழு வயது. மாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போனதும், அவர் என்னைப் 'புளிச்சல்' என்று கூப்பிட்டதும் மட்டும் ஞாபகம். ஏனப்படிக் கூப்பிட்டார் என்று கேட்க ஆளில்லை.

அதுக்குப் பிறகு அம்மம்மா நிரப்பாத படிவம் இல்லை. போகாத விசாரணை இல்லை. 2017இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் ரோட்டோரம் இருக்கத் தொடங்கினபோது, அங்கேயும் போய் மாமாவின் படத்தோடு இருந்தா. கால் ஏலாமல் போனபிறகு மிச்சம் இருப்பது மடு மட்டும். ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்கு முதல் மாமாவின் பேருக்கு ஒரு பூசை குடுப்பா. துண்டில் எழுதுகிற வசனமும் ஒன்றுதான்: 'சுகமே வீடு திரும்ப'. என்ர எழுத்து வடிவு என்பதால் ஓஎல் படிக்கிற காலத்தில் இருந்து அதை எழுதுவது நான்.

12ஆம் திகதி மத்தியானம், அம்மம்மா படுத்திருக்கிற நேரம், பெரியம்மா என்னைத் தண்ணி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனா. கானை நிரப்பாமல் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதைத்தா.

'பிள்ளை, இந்த முறை ஆன்ம இளைப்பாற்றிக்கு எண்டு எழுது. அம்மாவுக்குச் சொல்லாத. அவவுக்கு இப்ப சின்ன எழுத்து வாசிக்கேலாது.'

நான் பேசாமல் நின்றேன்.

'நான் பொல்லாதவள் எண்டு நினைக்காத. அவன் போயிட்டான் எண்டா, இத்தனை வருசமா அவன்ர ஆன்மாவுக்கு ஒரு பூசை கூட இல்லாமக் கிடக்கு. ஊரில ஆர் ஆருக்கோ மாதப் பூசை, வருசப் பூசை. என்ர தம்பிக்கு மட்டும் ஒண்டுமில்லை. அது பாவமில்லையோ?'

பெரியம்மாவைப் பற்றி எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, காசுக்கணக்குப் பார்க்கிற ஆள், இறுக்கமான ஆள் என்று. அவ அழுததை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு, 'நீ என்ன எழுதுறியோ எழுது, என்னட்டக் கேக்காத' என்றா. கம்பஸில் நினைவும் மறதியும் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்து நல்ல மார்க்ஸ் எடுத்தவள் நான். அந்தத் துண்டுக்கு முன்னால் ஒன்றும் உதவவில்லை.

சரி, என்னுடைய நிலைமையையும் சொல்லவேண்டும். நான் பூசைக்கு ஒழுங்காகப் போகிற ஆள் இல்லை இப்ப. ஹொஸ்டலில் ஞாயிறு நித்திரைதான். ஒரு துண்டில் எழுதுகிற ஒரு சொல் எங்கேயோ ஒரு ஆளுக்குப் போய்ச் சேரும் என்று நான் நம்புகிறேனா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் 'ஆன்ம' என்று எழுதப் பேனை ஓடவில்லை. 'சுகமே' என்று எழுதவும் ஓடவில்லை, அந்தக் கான்களுக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் முகம் வந்தது.

பூசைக்குப் பதிகிற இடத்தில் ஒரு சிஸ்டர் கொப்பியோடு இருந்தா. லைன் பின்னால் நீண்டுகொண்டு போகுது. 'ஆருக்கு, என்ன கருத்து?' என்றா. நான் முழித்ததைப் பார்த்து, 'விசேட கருத்துக்கு எண்டு போடட்டோ?' என்றா. தப்பினேன் என்று தலையாட்டினேன். அம்மம்மாவின் பேரை எழுதி, அவவின் விசேட கருத்துக்காக என்று பதிந்தா. நல்ல கெட்டித்தனம் செய்ததாக நினைத்துக்கொண்டு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தநாள் பூசையில் கருத்துகள் வாசிக்கப்பட்டன. விசேட கருத்து என்றால் மாமாவின் பேர் வராது, குடுத்த ஆளின் பேர்தான் வரும் என்பது எனக்கு அப்பதான் உறைத்தது. அம்மம்மா தன்ர பேரைக் கேட்டா. பிறகு கடைசி வரைக்கும் காதைக் குடுத்துக்கொண்டிருந்தா. பூசை முடிந்து சனம் கலைகிற நேரம் என்ர கையைப் பிடித்தா.

'ஏன் அவன்ர பேர் வாசிக்கேல்லை?'

பொய் சொல்லலாம். ஒலிபெருக்கி சரியில்லை என்றாலே போதும். ஆனால் அந்தக் கை. உள்ளதைச் சொன்னேன், பெரியம்மாவின் பேரைச் சொல்லாமல். அம்மம்மா ஒரு மரத்து வேரில் இருந்துகொண்டு,

'பெரியவள் சொன்னவள் என்ன?' என்றா.

நான் தலையைக் குனிந்தேன்.

'அவளும் அவனைத் தூக்கி வளத்தவள்தானே' என்றா. கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, '2008இல மாதாவும் இடம்பெயர்ந்தவ. தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனவை. நாங்கள் எல்லாரும், இனி மாதா மடுவுக்கு வரமாட்டா எண்டு அழுதனாங்கள். வந்திட்டா. நான் செத்தாப் பிறகு நீங்கள் என்னத்தையும் எழுதுங்கோ. நான் இருக்கு மட்டும் வேண்டாம்.'

அவ்வளவுதான். எழும்பி நடந்தா, நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

அன்று பின்னேரம் அம்மம்மாவே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிஸ்டரிடம் போனா. இரண்டு பேரும் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னை எழுதக் கூப்பிடவில்லை. திரும்பி வருகிறபோது பெரியம்மா அம்மம்மாவின் செருப்பைக் கையில் வைத்திருந்தா, அம்மம்மா வெறுங்காலோடு மணலில் நடந்து வந்தா. இரவுச் சாப்பாட்டில் பெரியம்மா சம்பலுக்கு உப்புக் காணாது என்று சின்னம்மாவோடு சண்டை பிடித்தா. வழமைக்கு வந்தாச்சு என்று விளங்கியது.

14ஆம் திகதி இரவு நாங்கள் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. வெஸ்பர் முடிந்து காடு முழுக்க லைட்டும் சனமும். 15ஆம் திகதி மாதா வெளியில் வந்த நேரம் சின்ன மாமா கடைக்குட்டியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். வென்னப்புவ அன்ரி எனக்குப் பக்கத்தில் நின்று அழுதா. அவவுக்கும் ஏதோ ஒரு கருத்து இருந்திருக்கும். கேட்கவில்லை.

தறப்பாள் கழற்றி, பட்டாவில் ஏற்றி, அம்மம்மா வழமைபோல ஒரு பொலித்தீன் பையில் மடு மண் அள்ளி முடிச்சுப் போட்டா. பாம்பு கடிக்காமல் இருக்க வீட்டைச் சுற்றித் தூவுகிற மண். போகிற வழியில் பையை என்னிடம் தந்து, 'உன்ர ஹொஸ்டலுக்கும் கொஞ்சம் கொண்டுபோ' என்றா. 'அங்க பாம்பு இல்லை அம்மம்மா' என்றேன். 'இருக்கட்டும்' என்றா.

இப்ப அது என்ர மேசையில், அசைன்மென்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்குள் குடுக்கவேண்டும்.