திருப்புளியும் பட்டமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

தன் கையே தனக்கு உதவி என்பார்கள் பெரியோர்கள். ஆனால் இன்று வீட்டில் ஒரு பொருள் பழுதானால், நம் கை முதலில் நீளுவது திருப்புளியை நோக்கியல்ல, பணப்பையை நோக்கித்தான். குழாயில் வாஷர் தேய்ந்தால் பிளம்பர். செயின் கழன்றால் சைக்கிள் கடை. பிளக்கில் ஒயர் விட்டுப்போனால் எலக்ட்ரீஷியன். தெரியாத வேலைக்கு ஆளை அழைப்பது முறைதான். தெரிந்த வேலைக்கும் கூலி கொடுத்து ஆளை அழைக்கிறோமே, அது ஏன்? சோம்பலா? அச்சமா? அல்லது வேறு ஏதேனும் காரணம் உண்டா? சென்ற கோடையில் எங்கள் வீட்டிலேயே எழுந்த இக்கேள்விக்கு நான் தேடிய விடையை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அக்காவின் திருமணத்தின்போது வாங்கியது. சித்திரை மாதத்தில் ஒருநாள் அது சுற்ற மறுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் முனகல் மட்டும் வரும். குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கம் மெல்லச் சுற்றும். இயற்பியல் படிக்கும் எவருக்கும் நோய் இன்னதென்று விளங்கிவிடும். விசிறிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மாறுமின்னோட்டம் ஒரு சுருளில் மட்டும் பாய்ந்தால், அங்கே துடிக்கும் காந்தப்புலம் உண்டாகுமே தவிர, சுழலும் காந்தப்புலம் உண்டாகாது. இரண்டாவது சுருளோடு ஒரு மின்தேக்கியைத் தொடராக இணைத்தால், அதில் பாயும் மின்னோட்டம் கட்டத்தில் முந்திக்கொள்ளும். இரண்டு சுருள்களும் சேர்ந்து புலத்தைச் சுழலச் செய்யும், விசிறியும் சுழலும். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள அந்த மின்தேக்கியைத்தான் கடைத்தெருவில் கண்டன்சர் என்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் டி சாட்டி பாலத்தை வைத்து நாம் அளப்பதும் இத்தகைய பொருளைத்தான்!

"கண்டன்சர் போயிடுச்சுப்பா. டவுன்ல எழுபது ரூபாய்தான். நானே மாத்திடறேன்" என்றேன்.

"வேணாம். கடைக்காரத் தம்பியை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்ப்பா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது கையில கரி படறதுக்கு இல்ல."

மாலையில் ரிப்பேர் கடை அண்ணன் வந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 250 ரூபாய் கேட்டார். கண்டன்சர் விலை போக 180 ரூபாய் கூலி. அப்பா அரை நாள் குனிந்து கரும்பு வெட்டினால் கிடைக்கும் பணத்தைவிடக் குறைந்ததல்ல அது. ஆனால் அதை எண்ணிக் கொடுத்தபோது அவர் முகத்தில் சிறிதும் வருத்தமில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இயற்பியல் படிக்கும் மகன் வீட்டில் இருக்க, இயற்பியலுக்கு வெளியில் பணம் கொடுப்பதா?

பல நாள் யோசித்த பிறகே, அந்த 180 ரூபாய்க்கு அப்பா வாங்கியது என்ன என்பது புரிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன் வாழ்ந்தவர்கள் எல்லோரும் கையை நம்பியே பிழைத்தவர்கள். அந்தக் கைக்குப் பிறர் போட்ட விலையை மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டவர்கள். கூலி வாங்கியே பழகிய கை, ஒருமுறை கூலி கொடுக்கும்போது சற்று நிமிர்கிறது. மகன் ஸ்டூலில் ஏறித் திருப்புளி பிடித்தால், தாம் தாண்டி வந்த கோட்டை அவன் மீண்டும் உள்பக்கமாகத் தாண்டுவதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயினும் நண்பர்களே, படிப்பு என்பது கையை வேலையிலிருந்து விடுவிப்பதற்கா? மின்தேக்குத்திறனின் அலகுக்கு யாருடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மைக்கேல் ஃபாரடே 1791இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, தாம் கட்டிய புத்தகங்களையே படித்து அறிவை வளர்த்துக்கொண்டவர். 1831இல் அவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டது எவ்வாறு? ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, சுற்றுகளுக்கிடையே துணியும் நூலும் வைத்துக் காப்பிட்டு, அதைக் கொண்டு கண்டார். நம் விசிறியின் மோட்டார் இயங்குவதும் அத்தூண்டலால்தான். அப்படியானால், மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் எங்கள் ஊர் ரிப்பேர் கடை அண்ணன் செய்வது ஃபாரடே செய்த வேலையல்லவா! கரி படிந்த கை அறிவியலுக்கு அயலானதல்ல.

அந்த அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். விடுமுறையில் சில நாட்கள் அவர் கடையில் உட்கார்ந்து கவனித்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய சுருளின் சுற்றுகளை ஒன்றுவிடாமல் எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றுகிறார். காடிக்குள் காப்புத்தாள் வைத்து, சுருளைச் செருகி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துகிறார். கணக்கு தவறினால் மோட்டார் சூடேறும். காப்பு கிழிந்தால் ஷாக் அடிக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது அவர் கையில் ஒரு நாள் வேலையாக இருக்கிறது. அதை நான் செய்ய முடியுமா? முடியாது.

இன்னொன்றும் கண்டேன். நெல்லுக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் பம்புசெட் மோட்டார் நின்றுவிட்டால், இரவென்றும் பாராமல் வருபவர் அவர்தான். அறுவடை முடிந்து பணம் வரும்வரை பொறுப்பவரும் அவர்தான். கண்டன்சர் மாற்றும் சில்லறைக் கூலிகள் அன்றாடம் வந்தால்தான் அந்தக் கடை திறந்திருக்கும். கடை திறந்திருந்தால்தான் நள்ளிரவில் கதவைத் தட்ட முடியும். ஆகவே அந்த 180 ரூபாய் பத்து நிமிட வேலைக்கான விலை மட்டுமன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் எதை நாமே செய்வது? எதற்குக் கூலி கொடுப்பது? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். தவறு நேர்ந்தால் பொருள் மட்டும் கெடும் என்றால் துணிந்து செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் முறையாகக் கற்றபின்பே தொட வேண்டும். விசிறியைத் தொடுமுன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருக்கும். அணைத்த பின்னும் விசிறியில் மின்சாரம் நிற்கும். எனவே மெயினையே அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. தனிக் கருவியும் நீண்ட பழக்கமும் வேண்டிய வேலையை அதில் தேர்ந்தவரிடமே விட வேண்டும். அவர் கேட்கும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். பேரம் பேசுமுன் நம் தந்தையர் வாங்கும் கூலியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் விசிறியும் அதேபோல் நின்றுவிட்டது. தனியாக வாழ்பவர், முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுபவர். அப்பாவே என்னைக் கூப்பிட்டு, "போய் மாத்திக் குடுத்துட்டு வா. காசு எதுவும் வாங்காதே" என்றார். மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் அப்பாதான். அவர் தடுத்தது வேலையை அல்ல, கூலிக்காரன் என்ற பெயரைத்தான் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறை மன்றத்தின் சார்பில் ஆண்டுக்கு ஓரிரு சனிக்கிழமைகளில் ஃப்யூஸ் போடவும், பிளக் இணைக்கவும், விசிறியின் பழுதை அறியவும் கற்றுத் தரலாமே! அதைக் கற்பிக்க ஊரிலுள்ள வைண்டிங் தொழிலாளர் ஒருவரையே அழைத்து, அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாமே!

நம்மில் பலர் முதல் பட்டதாரிகள். பட்டம் நம் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்க வேண்டியதில்லை. திருப்புளி பிடித்ததால் பட்டத்தின் மதிப்பும் குறைந்துவிடாது. தெரிந்த வேலையைச் செய்ய வெட்கப்படாதிருப்போம். தெரியாத வேலையைச் செய்பவரை மதிக்கக் கற்போம். கைகளால் உழைத்து நம்மை இங்கே அனுப்பியவர்களுக்கு நாம் காட்டும் நன்றி அதுவே.