மீனை விடுங்க, ஆமணக்கைப் பாருங்க

யோனான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மீன்தானே? சண்டே கிளாஸ், விபிஎஸ்னு போய் வந்த யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். டீச்சர் காட்டின படத்துல ஒரு நீலக் கலர் மீன், அதோட வயித்துக்குள்ள தாடியோட ஒரு மனுஷன். முஸ்லிம் நண்பர்களுக்கு இவர் யூனுஸ் நபி. அவங்களைக் கேட்டாலும் முதல்ல மீன்தான் வரும்.

ஆனா பாருங்க மக்களே, யோனா புத்தகம் மொத்தமே 4 அதிகாரம், 48 வசனம். அதுல மீன் வர்றது மூணே மூணு வசனத்துல. கெஸ்ட் ரோல்ல வந்த நடிகரைப் போஸ்டர்ல பெருசா போட்ட கதைதான் இது. கதை முடியறது மீன்கிட்ட இல்லை, ஒரு ஆமணக்குச் செடிகிட்ட. இந்தப் பதிவு அந்தச் செடியைப் பத்தினது.

கதை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ட்ரெய்லர். அமித்தாயின் மகன் யோனா ஒரு தீர்க்கதரிசி. கிழக்கே இருக்கிற நினிவேக்குப் போய், உங்க அக்கிரமம் எல்லை மீறிடுச்சுன்னு சொல்லுன்னு கடவுள் அனுப்புறார். நம்மாளு நேரா யோப்பா துறைமுகத்துக்குப் போய், கைக்காசு போட்டு, நேர் எதிர்ப்பக்கம் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிடறார். அப்புறம் புயல், கடல், மீன், மூணு நாள், மறுபடியும் கரை. மறுபடியும் அதே உத்தரவு. இந்தத் தடவை போறார். இன்னும் 40 நாள்ல இந்த ஊர் கவிழ்ந்துடும்னு சொல்றார். எபிரேய மூலத்துல அந்தப் பிரசங்கம் மொத்தமே அஞ்சு வார்த்தை. (ஒண்ணரை மணி நேரம் பிரசங்கம் பண்ற ஐயர்மார் கவனிக்கவும் :-)) அந்த அஞ்சு வார்த்தைக்கே ராஜாவிலிருந்து ஆடு மாடு வரைக்கும் உபவாசம் இருந்து ஊரே திருந்திடுது. கடவுளும் அழிக்காம விட்டுடறார். கேரளாவுல இருக்கிற சுரியானி கிறிஸ்தவங்க இன்னைக்கும் நினிவேயின் ஞாபகமா மூணு நாள் நோன்பு இருக்காங்க.

வேற எந்தத் தீர்க்கதரிசியா இருந்தாலும் துள்ளிக் குதிச்சிருப்பார். யோனாவுக்கோ பயங்கர கோபம்! நான்காம் அதிகாரத்துலதான் அவர் ஏன் ஓடினார்னே நமக்குத் தெரியவருது. பயந்துபோய் ஓடினார்னு நாம நினைச்சிட்டிருக்கோம். அவர் சொல்ற காரணம் வேற. நீர் இரக்கமுள்ளவர், எப்படியும் மன்னிச்சுடுவீர்னு எனக்குத் தெரியும், அதனாலதான் ஓடினேன் என்கிறார். அதாவது, வேலை தோத்துடுமோங்கிற பயம் இல்லை. ஜெயிச்சுடுமோங்கிற பயம்!

அவரைச் சும்மா திட்டவும் முடியாதுங்க. நினிவே அசீரியர்களோட பெருநகரம். யோனா வாழ்ந்தது கி.மு. எட்டாம் நூற்றாண்டுல. அதே நூற்றாண்டுல, கி.மு. 722 வாக்கில, அவரோட வடக்கு இஸ்ரவேல் ராஜ்யத்தை அழிச்சதே அசீரியாதான். திருந்தின நினிவே திருந்தினபடியேவும் இருக்கலை. கி.மு. 612-ல அந்த ஊரும் விழுந்துச்சு. அதைப் பத்திப் பாட நாகூம்னு இன்னொரு தீர்க்கதரிசி வந்தார். ஆக, இரக்கம்ங்கிறது இலவசம் இல்லை. எதிரிக்குக் கிடைக்கிற மன்னிப்புக்கு நாமளும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்னு யோனாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

போகமாட்டேன்னு சொன்னவர் இவர் ஒருத்தர் மட்டும் இல்லை. நான் கிண்டியில கம்பெனி பஸ் ஏறினா கத்திப்பாரா தாண்டும்போது பக்கத்துல பரங்கிமலை. தோமா ரத்தசாட்சியா மரிச்ச இடம்னு பாரம்பரியம் சொல்ற மலை. "தோமாவின் நடபடிகள்"னு மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய சுரியானி நூல் இருக்கு. பைபிள்ல சேராத நூல். அதுல, இந்தியாவுக்குப் போன்னு சீட்டு விழுந்ததும் தோமா மாட்டவே மாட்டேங்கிறார். உடம்புக்கு முடியாது, நான் எபிரேயன், அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு சாக்கு வேற. கடைசியில இயேசுவே அவரை ஒரு வியாபாரிக்கு அடிமையா வித்து அனுப்பி வெச்சாராம்! பஸ் போய்ச் சேர்ற ஸ்ரீபெரும்புதூர் இதுக்கு அப்படியே நேர் எதிர். 1017-ல ராமானுஜர் பிறந்த ஊர் அது. குரு யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கொடுத்த மந்திரத்தை, நான் நரகம் போனாலும் பரவாயில்லை, ஊர் பிழைக்கட்டும்னு திருக்கோஷ்டியூர் கோயில் மேல ஏறி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னவர்னு வைணவப் பாரம்பரியம் சொல்லுது. சொல்லமாட்டேன்னு ஒருத்தர், சொல்லாம இருக்கமாட்டேன்னு ஒருத்தர். நம்ம தினசரி பஸ் ரூட்டே இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான் ஓடுது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சாப்ட்வேர் எஞ்சினியர்னா கண்ணாடிக் கட்டடம்தான்னு நினைச்சுடாதீங்க. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு எங்க டீம் சாப்ட்வேர் பண்ணிக் கொடுக்குது. (பேர் வேண்டாமே!) மெஷின்கள்ல இருந்து வர்ற சிக்னலை வாங்கி, எந்த மெஷின் எத்தனை ஸ்ட்ரோக் அடிச்சது, எவ்வளவு நேரம் நின்னதுன்னு ஸ்கிரீன்ல காட்டணும். அவ்வளவுதான் நம்ம வேலை.

அங்க பவர் பிரஸ்னு ஒரு மெஷின். தகட்டை உள்ள வெச்சா மேலயிருந்து டை இறங்கி ஒரே அடி. கை உள்ள இருந்தா கையும் போச்சு. அதனால ரெண்டு பட்டன் வெச்சிருப்பாங்க, இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து அழுத்தினாத்தான் டை இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள எந்தக் கை இருக்கும்? எளிமையான, அழகான யோசனை. புது மெஷின்ல ரெண்டு பட்டனும் அரை நொடிக்குள்ள அழுந்தணும், ஒவ்வொரு அடிக்கும் விட்டு விட்டு அழுத்தணும். பழைய மெஷின்ல இந்தச் சோதனை கிடையாது. ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தின மாதிரியே ஒட்டிட்டா, ஒரு கையால ஓட்டலாம், இன்னொரு கையால தகட்டைத் தள்ளலாம். டார்கெட் சீக்கிரம் முடியும். இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு வேணும்னு 1948-லயே தொழிற்சாலைகள் சட்டத்துல எழுதினாங்க. டேப் அதுக்கெல்லாம் முன்னாடி வந்து நிக்குது.

ஒரு வியாழக்கிழமை லாகைப் பார்த்துட்டிருந்தேன். மூணாவது பிரஸ்ல ஸ்ட்ரோக் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு. வலது பட்டன் சிக்னல் ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம்னு துடிக்குது. இடது பட்டன் மட்டும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு... நாப்பது நிமிஷமா அசையலை. எங்க வேலை ஒழுங்கா நடந்திருந்துச்சு. நடக்கக்கூடாதது மெஷின்ல நடந்துட்டிருந்துச்சு.

பக்கத்து சீட் நண்பர்கிட்ட காட்டினேன். அவர் சிரிச்சார். அந்த பிளாண்ட் மேனேஜர் ஒரு தடவை எங்க டீம்ல புதுசா சேர்ந்த டிப்ளமோ பையனைக் கேன்டீன் வாசல்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கத்தினவர். பையன் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை. "சொல்லாத மச்சி. திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட் வருது. அதுல மாட்டட்டும். அப்பத்தான் அந்த ஆளுக்குப் புத்தி வரும்" என்றார். நியாயமான கோபம்தான். சொன்னா அவர் சரி பண்ணிடுவார், தப்பிச்சுடுவார். சொல்லலைன்னா மாட்டுவார். அப்பதான் பளிச்சுனு புரிஞ்சுது. அட, இது யோப்பா துறைமுகம்ல! தர்ஷீஸ் கப்பல் பக்கத்துலயே நிக்குது. டிக்கெட் காசுகூட கேட்கலை. சும்மா சீட்ல உட்கார்ந்திருந்தாலே கப்பல் கிளம்பிடும்.

ஆனா திங்கட்கிழமைக்கு முன்னாடி வெள்ளி, சனி, ஞாயிறு இருக்கே. ஒன்பது ஷிப்ட். அந்த மெஷின்ல நிக்கிறது மேனேஜர் இல்லையே. ஒடிசாவுல இருந்து வந்த, மீசைகூட சரியா முளைக்காத ஒரு பையன்.

உடனே எழுந்து போனேன். மேனேஜர் போன்ல இருந்தார். "சார், மூணாவது பிரஸ்ல இடது பட்டன் கட்டியிருக்கு." 'சார்' கழிச்சுப் பார்த்தா அஞ்சே வார்த்தை. யோனா அளவுதான்! :-)

கத்துவார்னு நினைச்சேன். கத்தலை. போனை வெச்சுட்டு விறுவிறுன்னு நடந்து போய் மெஷினை நிறுத்தினார். டேப்பை அவர் கையாலயே பிச்சார். பையனைத் திட்டுவார்னு பார்த்தா, உடைஞ்ச ஹிந்தியில "டார்கெட் எவ்வளவு?"ன்னு கேட்டார். பையன் சொன்ன நம்பரைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னார். பட்டன் சர்க்யூட்டை மாத்துற வரைக்கும் அந்த பிரஸ் ஓடக்கூடாதுன்னுட்டார். டார்கெட்டையும் குறைச்சார். திங்கட்கிழமை ஆடிட்ல அவரே அதை எடுத்துச் சொல்லி, சரி பண்ணினதையும் காட்டினார். வந்தவங்க பாராட்டிட்டுப் போனாங்க.

நண்பருக்குத் தாங்கலை. "பாத்தியா? கண்டுபிடிச்சது நீ, கைதட்டல் அவருக்கு. அடுத்த வாரம் பாரு, மறுபடி கத்துவார்." அடுத்த வாரம் கத்தவும் செஞ்சார், அது வேற விஷயம். நினிவே ஒரே நாள்ல வானுலகம் ஆயிடாதுங்க.

இப்ப ஆமணக்குக்கு வருவோம். கோபத்தோட யோனா ஊருக்கு வெளியே போய், என்னதான் ஆகுதுன்னு பார்க்க உட்கார்ந்துக்கிறார். அவர் தலைக்கு நிழலா கடவுள் ஒரு செடியை வளர்க்கிறார். தமிழ் பைபிள்ல அது ஆமணக்குச் செடி. நம்ம சிப்காட் ரோட்டோரம் குப்பை மேட்டுல தானா முளைச்சு நிக்குமே, அதே. யோனாவுக்கு ஏக சந்தோஷம். மறுநாள் ஒரு பூச்சி அரிச்சுச் செடி பட்டுப்போகுது. வெயில் மண்டையைப் பிளக்குது. யோனா செத்தாத் தேவலைங்கிறார். ஊர் பிழைச்சதுக்கு வராத கண்ணீர் செடி செத்ததுக்கு வருது.

ஒரு செடியைக் காட்டிக் கடவுள் பாடம் நடத்துறார். இந்தப் பக்கம் தொழிற்சாலைக்கும் பிளாண்ட்னுதான் பேர், என்ன பொருத்தம் பாருங்க! ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல நோக்கியா வந்தப்ப ஒரே ராத்திரியில நிழல் விழுந்த மாதிரி இருந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்க சொல்வாங்க. 2014 நவம்பர்ல அது மூடிப்போச்சு. கட்டடத்துக்காகவும் முதலீட்டுக்காகவும் எவ்வளவோ பேர் வருத்தப்பட்டு எழுதினாங்க. அதுல வேலை பார்த்த பொண்ணுங்க அப்புறம் எங்க போனாங்கன்னு கேட்டவங்க கம்மி.

புத்தகத்தின் கடைசி வசனம் கடவுள் கேட்கிற ஒரு கேள்வி. நீ நட்டு வளர்க்காத செடிக்காக இவ்வளவு பரிதபிக்கிறியே, வலது கை எது இடது கை எதுன்னு தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட ஜனங்களும் அத்தனை மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்கக்கூடாதாங்கிற அர்த்தத்துல வரும். வலது கை, இடது கை! சண்டே கிளாஸ் காலத்துல இருந்து எத்தனையோ தடவை படிச்ச வசனம். அந்த ரெண்டு பட்டனைப் பார்த்த பிறகு வேற மாதிரி கேட்குது.

அன்றாட வாழ்க்கைக்கு நான் எடுத்துக்கிட்டது இவ்வளவுதான். நாம சொல்ல வேண்டியதைச் சொல்றதால, நமக்குப் பிடிக்காத ஒருத்தர் தப்பிச்சுக்கலாம். நல்ல பேர்கூட வாங்கலாம். அப்பவும் சொல்லணும். ஏன்னா அந்த ஊர்ல அவர் மட்டும் இல்லை.

யோனா அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்னு புத்தகத்துல இல்லவே இல்லை. அதை நம்ம கிட்ட விட்டுட்டாங்க போல.

டிஸ்கி: பிரஸ் ஷாப்ல வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, இன்னைக்கு ஷிப்ட்டுக்குப் போனதும் ரெண்டு பட்டனையும் ஒரு எட்டுப் பார்த்துடுங்க, ப்ளீஸ்.