மணற்காட்டு மணலும் மறைந்த மழைகளும்

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் ஏட்டையும் கல்வெட்டையும் நாடுவது இயல்பு. அவை தோன்றாத காலத்து மழைக்கும் வறட்சிக்கும் சான்று எங்கேயுளது? வடமராட்சிக் கிழக்கிலே மணற்காட்டு மேடுகளைக் காணுந்தோறும் இவ்வினா என்னுள் எழுவதுண்டு. பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிபாடுகளைச் சூழ்ந்து கிடக்கும் அம்மணல், காற்றின் வலிமையைக் கண்ணெதிரே காட்டுகின்றது. அதன் வயதை எங்ஙனம் அறிவது?

மணலின் படிகக்கல் மணிகளில் இயற்கை ஒரு கடிகாரத்தை வைத்துள்ளது. சுற்றிலுமுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களின் கதிர்வீச்சினால் மணியினுள்ளே இலத்திரன்கள் சிறைப்படுகின்றன. வெயில் பட்டதும் விடுபடுகின்றன. ஆகவே, மணி புதையுண்ட நாள்தொட்டுச் சிறைப்பட்டவற்றை ஒளிர்வாக அளந்தால், புதையுண்ட காலம் புலனாகும். சிங்வி, சிரான் தெரணியகல முதலியோர் வெப்பவொளிர்வு முறையினால் நம் தீவின் கரையோரச் செம்மணல் மேடுகளின் வயதைக் கணித்து 1986 இல் வெளியிட்டனர். அவை பல பத்தாயிரம் ஆண்டுகள் பழையன. அவ்வகைப் படிவுகளுக்கு வன்னியிலுள்ள இரணைமடுவின் பெயரே வழங்குகின்றது.

மணல் காலத்தைக் கூறும்; மழையின் அளவைத் தனித்துக் கூறாது. அதற்குச் சமதானிகள் துணைசெய்கின்றன. மரங்களிலும் பார்க்க, வெப்பவலயப் புற்கள் பலவற்றிலே பாரமான காபன் 13 சற்றுக் கூடுதலாக இருக்கும். எனவே, பண்டைய சேற்றில் அது மிகுந்திருப்பின், அங்கே வறட்சியைத் தாங்கும் புல்வெளி பரந்திருந்ததென உய்த்துணரலாம். நீலகிரியின் சதுப்புப் படிவுகளை இவ்வாறு ஆராய்ந்து 1993 இல் வெளிவந்த கட்டுரை, ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சி நிலவியதெனக் காட்டிற்று. அக்காலத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாயிருந்தது. நம் குடாநாடு அன்று குடாநாடாகவே இருக்கவில்லை.

இவ்வறிவினால் நமக்கு ஆவதென்ன என்று வினவுவாருளர். வற்றாத ஆறொன்றில்லாத மண் நம்முடையது. சுண்ணக்கல்லினுள்ளே தேங்கும் மழைநீரே நம் கிணறுகளை வாழ்விக்கின்றது. மழை எத்துணைக் காலம் பொய்த்தல் கூடும் என்பதைச் சில தலைமுறையினரின் நினைவைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது.

இச்சான்றுக்கோ இடையூறு நேர்ந்துள்ளது. ஆய்வாளர் வெயில் படாதவாறு குழாயைச் செலுத்தி மூடியே மாதிரி எடுப்பர். மண்வெட்டியால் வாரிக் கொட்டப்படும் மணலோ வெயிலைக் கண்டவுடன் தன் காலக்கணக்கை இழந்துவிடுகின்றது. வீடு கட்ட மணல் வேண்டும் என்பதை மறுப்பார் யார்? நான் வாழும் வீட்டின் சாந்தும் மணலாலானதே. ஆயினும், மணல் அகழ இடங் குறிக்கும்போது, அகழலாகாத மேடுகள் எவை என்பதும் குறிக்கப்படல் வேண்டும். அதற்கு முன்னரே அம்மேடுகளின் வயதை அளந்துவைத்தல் பல்கலைக்கழகத்தாராகிய நம் கடன்.