மூன்று கிராமின் அமானிதம்



என் பழைய மாணவி ஒருவர் பணிபுரியும் நிறுவனம், ஸகாத் கணக்கிடும் கைபேசிச் செயலியொன்றை உருவாக்கியது. அதன் மார்க்கச் சட்டப் பகுதியைச் சரிபார்க்குமாறு என்னைக் கேட்டனர். நிஸாப் 85 கிராம் தங்கம், ஓராண்டு நிறைவு, நாற்பதில் ஒரு பங்கு. யாவும் சரியாக இருந்தன. என் பெயரில் ஒப்புதல் அளித்தேன். கடமை முடிந்ததென்றே எண்ணினேன்.

ரமலானுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், எங்கள் பெண்கள் வகுப்பில் ஐவரிடம் செயலியைக் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல் கவனித்தோம். மகளின் திருமணத்திற்கென 15 பவுன் தங்க நாணயம் சேர்த்திருந்த தாயொருவர், எடைக் கட்டத்தில் 15 என்று இட்டார். 'ஸகாத் கடமையில்லை' என்றது செயலி. அவரும் நிம்மதியாகக் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

15 பவுன் என்பது 120 கிராம். அதற்குரிய ஸகாத் 3 கிராம். கட்டத்தின் ஓரத்தில் 'கிராம்' என்று சிறிதாக எழுதியிருந்தது உண்மையே. ஆனால் நம் வீடுகளில் தங்கத்தைக் கிராமில் எண்ணுவோர் எத்தனை பேர்? ஐவரில் மூவர் இவ்வாறே செய்தனர்.

நிறுவனத்தாரோ, ரமலானைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும். ஐந்து பேருக்காக நிறுத்த இயலாது. அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றனர். அதை என்னால் எளிதில் ஒதுக்க இயலவில்லை. பலருடைய ஊதியம் அந்த வெளியீட்டை நம்பியிருந்தது. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியதை மாணவி எடுத்துரைத்தார். பயனில்லை. "என்ன செய்வது, ஆலிமா?" என்று கலங்கினார்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் வினவிய செய்தி என் நினைவுக்கு வந்தது. ஈரத்தை அறியாதிருந்தவரை அது என் பிழை மட்டுமே. அறிந்தபின் மறைத்தால் அது மோசடி.

குறைகளை இரண்டாகப் பிரித்தோம். நிறம், எழுத்தின் அளவு போன்றவை காத்திருக்கலாம். ஏழையின் ஹக்கைக் குறைப்பது காத்திருக்கலாகாது. அப்பகுதியைத் திருத்தாமல் வெளியிட்டால் என் பெயரை நீக்கிவிடுங்கள் என்றேன். இறுதியில் தொழுகை நேரங்களும் துஆக்களும் உரிய நாளில் வெளியாயின. ஸகாத் பக்கம், பவுனா கிராமா என்று கேட்கும் வசதியுடன் எட்டாம் நோன்பன்று வந்தது. இடைப்பட்ட நாட்களில் குறைகூறியோர் பலர்.

சட்டத்தைச் சரிபார்த்த நான், அதைப் பயன்படுத்தும் கையைப் பார்க்கவில்லை. மத்ரஸாவிலும், தேர்வுக்குமுன் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் "புரிந்ததா?" என்று கேட்டுக் கடந்து சென்றிருக்கிறேன். இப்போது, "எங்கே, செய்து காட்டு" என்கிறேன். பாடம் மெதுவாகவே நகர்கிறது.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.