திசு பார்க்காமல் சொன்ன பெயர்

காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் நான். ஒரு நெசவாளிக்கு பயாப்ஸி எடுக்காமலேயே நோயின் பெயரைச் சொன்னேன். அது தவறான பெயர்.

மேல்வயிற்று வலி முதுகு வரை போகிறது என்றார். குழித்தறியில் குனிந்தே இருப்பவருக்கு முதுகு வலிக்காதா என்று மாத்திரை எழுதிக்கொடுத்தேன். படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்க்கவில்லை. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் கணையத்தின் வால்பகுதியில் பெரிய கட்டி.

"கணையப் புற்று, முத்திப்போச்சும்மா. வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க" என்றேன் அவர் மகளிடம்.

"வேற டெஸ்ட் ஒண்ணும் வேணாமா சார்?"

"வேணாம்மா."

கருணை என்று நினைத்துத்தான் சொன்னேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன் என்பதே உண்மை.

நான் நினைத்தது அடினோகார்சினோமா. கணையப் புற்றில் பத்துக்கு ஒன்பது அதுதான். ஆனால் சந்தேகப்பட இடமிருந்தது. அவ்வளவு பெரிய கட்டி இருந்தும் அவர் மெலியவில்லை. கட்டி பக்கத்து உறுப்புகளை அரிக்காமல் தள்ளிக்கொண்டு நின்றது. ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்தேன். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மனசு கேட்காமல் அவர்களே சென்னைக்குப் போனார்கள். பயாப்ஸியில் இருமுனையும் கூர்ந்த நீண்ட செல்கள். கெரட்டின் சோதனை நெகட்டிவ், ஆகவே அடினோகார்சினோமா இல்லை. சி.டி.117 நெகட்டிவ், ஆகவே குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டியாக இருக்கவும் வாய்ப்புக் குறைவு. தசையின் அடையாளங்களான ஆக்டின், டெஸ்மின் இரண்டும் பாசிட்டிவ். லியோமயோசார்கோமா. மென்தசையில் பிறக்கும் புற்று. கணையப் புற்றுகளில் இந்த வகை நூற்றுக்கு ஒன்றுகூட இராது. பரவுமுன் முழுதாக வெட்டியெடுப்பதே இதற்கு முதல் வைத்தியம்.

அரிய நோய், யாரும் தவறவிட்டிருப்பார்கள் என்கிறார்கள் நண்பர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நோயை நான் கண்டுபிடித்திருக்க வேண்டாம். திசுவைப் பார்க்காமல் புற்றுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பது மாணவனாக இருந்தபோதே கற்றதுதானே.  அண்ணா பெயரிலான புற்றுநோய் மருத்துவமனை இதே காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதி அங்கே அனுப்பியிருந்தால் போதும்.

அறுவைக்குத் தயாரானபோது ஈரலுக்குப் பரவியிருந்தது. என்னால் வீணான வாரங்களில் பரவியதா, அதற்கு முன்பேயா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் மகள் இன்னும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். அச்சுக்குப் போகுமுன் இதை அவர் கையில் கொடுக்கிறேன்.