தன்ஜியரும் தெத்துவானும் உம்மும்மாவும்

புத்தளத்துப் பிள்ளைகளுக்கு இப்னு பதூதாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து இந்தியக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பல் காற்று மாறி இலங்கையில் வந்து ஒதுங்கியது. அவர் ‘பத்தாலா’ என்று எழுதி வைத்த கரை எங்கள் ஊர்தான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த மனிதர் பிறந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மொரோக்கோவின் வடக்கில் படிக்கும் நானாவைப் பார்க்க வாப்பாவும் உம்மாவும் முடிவெடுத்த பிறகுதான் உலகப் படத்தில் தன்ஜியரைத் தேடினேன். ஆபிரிக்காவின் வடமேற்கு நுனியில், ஐரோப்பாவைத் தொட்டுவிடுவதுபோல் இருந்தது.

கடந்த டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நால்வர் போனோம்: வாப்பா, உம்மா, உம்மும்மா, நான். உம்மும்மாவைக் கூட்டிப் போவதில் வாப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. யாழ்ப்பாணம் சோனகதெருவில் உம்மும்மாவின் பெயரில் ஒன்றரைப் பரப்புக் காணி கிடக்கிறது. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விட்டுவிட்டு வந்த வீடு இருந்த காணி. இப்போது வீடு இல்லை, அடித்தளமும் கிணறும் மட்டும்தான். அதை வாங்க ஓர் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். விற்றால் நானாவின் படிப்புக் கடனை அடைக்கலாம், எங்கள் வீட்டு மேல்மாடியையும் முடிக்கலாம். உம்மும்மா விற்கமாட்டேன் என்றும் சொல்வதில்லை, கையெழுத்துப் போடுவதும் இல்லை. பேச்சு எடுத்தால் தஸ்பீஹைக் கையில் எடுத்துவிடுவார். பாதை திறந்து இத்தனை வருடங்களாகியும் ஒருமுறைகூட அங்கே போய்ப் பார்த்ததில்லை. பேரனை நேரில் கண்டால் மனம் இளகும் என்பது வாப்பாவின் எண்ணம்.

கஸபிளாங்காவில் இறங்கி வடக்கே ரயிலில் போனோம். 2018 இல் ஓடத் தொடங்கிய அதிவேக ரயில் அது. மணிக்கு 320 கிலோமீற்றர் வேகம் எட்டி, இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்துத் தன்ஜியரில் விடும். அதற்கு ‘அல்புராக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வாப்பா சொன்னதும் உம்மும்மா செருப்பைக் கழற்றிவிட்டு பிஸ்மி சொல்லி ஏறினார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தன்ஜியரைத் தன்ஜா என்றுதான் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். மேட்டிலே பழைய நகரம், கீழே துறைமுகம், எந்நேரமும் காற்று. கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு ‘ஷர்கி’ என்று பெயர். அபாயாவைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா என்று தெரியாமல் படியேறினோம். இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்படாத அரசு குறைவு. 1471 இல் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். 1661 இல் போர்த்துக்கல் இளவரசி கத்தரீனுக்கும் இங்கிலாந்து மன்னருக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் பம்பாயோடு சேர்த்துத் தன்ஜியரும் சீதனமாகப் போனது. சீதனம் எங்கள் ஊரில் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன்! 1684 இல் ஆங்கிலேயர் கைவிட்டுப் போனார்கள். பிறகு 1920களிலிருந்து 1956 வரை பல நாடுகள் சேர்ந்து ஆண்ட சர்வதேச வலயமாக இருந்தது.

இப்னு பதூதாவின் கல்லறை என்று சொல்லப்படும் இடம் பழைய நகரத்தின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. வெள்ளையடித்த சின்ன அறை. 1304 இல் இந்த ஊரில் பிறந்து, 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று தனியே புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது வருடம் நடந்தவருக்கு இவ்வளவு சிறிய அறையா என்று எனக்குத் தோன்றியது. அங்கே நின்றுகொண்டு, புத்தளத்தைப் பற்றி அவர் எழுதியதை நானா உம்மும்மாவுக்குச் சொன்னான். கடற்கரையில் குவியல் குவியலாகக் கறுவாக் கட்டைகள் கிடந்தன, ஆறுகள் அடித்து வந்து ஒதுக்கியவை. அப்போது அங்கே இருந்த அரசர் ஆரியச்சக்கரவர்த்தி, யாழ்ப்பாண அரசர். அவர் பாரசீகம் பேசினார், முத்துகளைக் காட்டினார், பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார்.

“யாழ்ப்பாணத்து ராசா புத்தளத்துலயா இருந்தார்?” என்று உம்மும்மா கேட்டார்.

“அப்ப ரெண்டும் ஒரே ஆள்ட கையிலதான், உம்மும்மா.”

“அப்ப சரி” என்றார். எது சரி என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்பார்டெல் முனைக்குப் போனோம். அத்திலாந்திக்கும் மத்தியதரைக் கடலும் சந்திக்கும் இடம், 1864 இல் கட்டிய வெளிச்சவீடு ஒன்று நிற்கிறது. நீரிணையின் மிக ஒடுங்கிய இடம் 14 கிலோமீற்றர்தான். மழை விட்ட வேளையில் அக்கரை ஸ்பெயின் மலைகள் நீலக் கோடாகத் தெரிந்தன. நான் அதற்குமுன் ஒரு கண்டத்தில் நின்று இன்னொரு கண்டத்தைப் பார்த்ததில்லை. அஸிலாவும் பார்த்தோம். போர்த்துக்கேயர் கட்டிய மதில், வெள்ளை வீடுகள், 1978 இல் தொடங்கிய கலைவிழாவுக்காகச் சுவர்களில் தீட்டிவரும் ஓவியங்கள். அழகான ஊர், படம் எடுக்க நல்ல ஊர். அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

எழுத இருப்பது தெத்துவானைப் பற்றி. தன்ஜியரிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர். போகும்போதே ரிஃப் மலைத்தொடர் வந்துவிடுகிறது. பல இடங்களில் மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. ஊர்கள் சிறு குடாக்களிலும் பள்ளத்தாக்குகளிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீதியோரம் மரக்கறி விற்ற மலைநாட்டுப் பெண்கள் கம்பளிக் குஞ்சம் வைத்த பெரிய ஓலைத் தொப்பியும், சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணியும் அணிந்திருந்தார்கள். இடுப்பில் அந்தத் துணியைக் கட்டிய விதம் எங்கள் உம்மும்மா கம்பாயம் உடுத்த காலத்தை ஞாபகப்படுத்தியதாக உம்மா சொன்னா.

தெத்துவான் கடலிலிருந்து சில மைல் உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கிறது. மார்த்தில் அதன் துறை. வெள்ளை வெளேரென்ற ஊர். ‘கிரனடாவின் மகள்’ என்றும் அதைச் சொல்வார்களாம். அது வெறும் புகழ்ச்சி இல்லை. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாழாய்க் கிடந்த இடத்தைத் திரும்பக் கட்டியவர் கிரனடாவிலிருந்து வந்த அலி அல்மன்தரி. 1492 ஜனவரியில் கிரனடா வீழ்ந்தது. அந்தக் காலத்தில் அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கடலைக் கடந்தார்கள். 1609 தொடக்கம் 1614 வரை ஸ்பெயினில் மிஞ்சியிருந்த முஸ்லிம் வழிவந்தோரும் துரத்தப்பட்டபோது இன்னொரு கூட்டம் வந்தது. 1997 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தப் பழைய நகரம் முழுக்க முழுக்க வெளியேற்றப்பட்டவர்கள் கட்டியது. தொரஸ் போன்ற ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் முஸ்லிம் வீடுகளில் இன்றும் இருக்கின்றன.

இந்த ஊரை ஒரு பெண் ஆண்டிருக்கிறார். அஸ்ஸெய்யிதா அல்ஹுர்ரா. ஷெஃப்ஷாவன் என்ற மலையூரை நிறுவியவரின் மகள். ஏறத்தாழ 1515 முதல் 1542 வரை தெத்துவான் அவர் கையில் இருந்தது. மேற்கு மத்தியதரைக் கடலில் அவரது கப்பல்களுக்குப் போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் பயந்தார்கள். 1541 இல் மொரோக்கோ சுல்தான் அவரை மணந்தபோது மணப்பெண் தலைநகருக்குப் போகவில்லை. சுல்தான்தான் பெஸ் நகரிலிருந்து தெத்துவானுக்கு வந்து நிக்காஹ் செய்தார். இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஆனால் அதே நகரத்தின் தெருக்களுக்கு அடியில், கடலில் பிடித்து வந்த கிறிஸ்தவக் கைதிகளை மீட்புப் பணம் வரும்வரை அடைத்து வைத்த நிலவறைகளும் இருக்கின்றன. வீட்டை இழந்து வந்தவர்கள் இன்னொருவரின் பிள்ளையை இருட்டில் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

உம்மும்மாவுக்கு அரசியிலும் நிலவறையிலும் அக்கறை இல்லை. அவருக்குப் பிடித்தது தண்ணீர். ‘ஸ்குண்டோ’ என்று ஒரு முறை அங்கே இருக்கிறது. மலையடி ஊற்றுத் தண்ணீரைத் தெருக்களுக்கு அடியில் மண்குழாய்களால் கொண்டுவந்து, பள்ளிவாசலுக்கும் வீதித் தொட்டிகளுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உம்மும்மா வீதியில் கண்ட ஒவ்வொரு தொட்டியிலும் கையை நனைத்தார். “வந்த உடனே தண்ணிக்கு வழி பார்த்திருக்காங்க. தில்லையடிக்கு வந்த புதுசுல பவுசர் வாறவரைக்கும் வாளியோட நின்டது எனக்குத்தான் தெரியும்.”

வெள்ளிக்கிழமை நானாவின் நண்பனுடைய வீட்டில் கூஸ்கூஸ் விருந்து. நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், மேலே திறந்த வானம். நாற்சார் வீடு மாதிரியே இருக்கிறது என்று உம்மா வியந்தா. கோழியிறைச்சியை மெல்லிய மாவில் பொதிந்து மேலே சீனியும் கறுவாத்தூளும் தூவிய ‘பஸ்தீலா’வும் வந்தது. இறைச்சிக்கு யாராவது சீனி போடுவார்களா என்று வாப்பா தமிழில் முணுமுணுத்துவிட்டு இரண்டாவது துண்டும் எடுத்தார்.

நண்பனின் தாயாருக்கும் உம்மும்மாவின் வயதுதான் இருக்கும். அவருடைய முன்னோர் அந்தலூஸிலிருந்து வந்தவர்கள். கிரனடா வீட்டுச் சாவியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்களின் கதை அந்த ஊரில் எல்லோரும் சொல்வது. அதை அவரும் சொன்னார். நானா மொழிபெயர்த்தான். உம்மும்மா முழுவதும் கேட்டுவிட்டு, “எங்கட வீட்டைப் பூட்டவே இல்ல” என்றார். “சமைச்சது அடுப்பில இருந்தது. இறக்கி வச்சிட்டு வந்தன்.”

நானா அதை அரபியில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தான். அந்தத் தாயார் எழுந்து வந்து உம்மும்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

“இவங்க அங்க போய்ப் பார்த்தாங்களா?” இது உம்மும்மாவின் கேள்வி.

ஒருமுறை போனாராம். விஸா எடுத்து, கப்பலேறி, பஸ்ஸில் கிரனடா போய், அல்ஹம்ராவுக்கு ரிக்கற் வாங்கி உள்ளே போனாராம். 1492 இல் விரட்டப்பட்ட யூதர்களின் சந்ததிக்குக் குடியுரிமை கொடுக்க ஸ்பெயின் 2015 இல் சட்டம் செய்தது, முஸ்லிம்களின் சந்ததிக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நண்பன் இடையில் சொன்னான். தாயார் அதைக் கையால் தள்ளிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, இரண்டாம் நாளே என் முற்றத்து ஞாபகம் வந்துவிட்டது, என் வீடு இதுதான் என்றார்.

வாப்பா மெல்ல உம்மும்மாவைப் பார்த்தார். காணிப் பேச்சுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அவர் நினைத்தது எனக்கு விளங்கியது. உம்மும்மா புதினாத் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அவ ஐந்நூறு வருஷம் கழிச்சுச் சொல்றா, மருமகன். எனக்கு முப்பத்தஞ்சு வருஷம்தானே.”

அதன்பிறகு அந்தப் பயணம் முடியும்வரை வாப்பா காணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் கடலோரமாக வடக்கே ஃபினிதெக் வரை போனோம். அதற்கப்பால் சியூட்டா. 1415 இல் போர்த்துக்கேயர் கைப்பற்றி, பின்னர் ஸ்பெயினிடம் போய், இன்றும் ஸ்பெயினின் நகரமாகவே இருக்கிறது. நடுவில் உயர்ந்த கம்பிவேலி, கடலுக்குள்ளும் நீள்கிறது. 2021 மே மாதம் இரண்டே நாட்களில் சுமார் 8,000 பேர் அந்த வேலி முனையைச் சுற்றி நீந்தியும் நடந்தும் அக்கரைக்குப் போனார்களாம், அவர்களில் பிள்ளைகளும் நிறையப் பேர். ஒரு காலத்தில் அங்கிருந்து இங்கே ஓடிவந்தார்கள். இப்போது இங்கிருந்து அங்கே. கடற்கரையில் என் வயதுப் பையன்கள் நாலு பேர் மழைக்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உம்மும்மா அவர்களையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுகள்ட உம்மாமார் எங்க?” என்று கேட்டார்.

ஊர் திரும்பி மூன்றாவது வாரம் உம்மும்மா வாப்பாவிடம் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தார். அந்தச் சனிக்கிழமை உம்மாவும் நானும் கூடப் போனோம். காணியில் இடுப்பளவு புல். அடுப்படி இருந்த இடத்தை அவர் தேடவே இல்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இருந்தது, மேலே இலையும் குப்பையும். பக்கத்து ஒழுங்கையில் ஆள் பிடித்து, புல் வெட்டவும் கிணறு இறைக்கவும் கூலி பேசி, பாதிப் பணத்தைக் கையிலேயே கொடுத்தார்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. கிணறு இறைத்து முடிந்ததா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கோல் எடுத்துக் கேட்கிறார்.